காஸ் அடித்தால் மட்டும் போதுமா?
வாகன ஏ.சி.யைப் பழுதுபார்த்தலும் குளிர்வாயுவைக் கையாளுதலும்

பொத்துவில் நெல்லையும் கடலையும் நம்பி வாழ்ந்த ஊர். கடந்த சில தசாப்தங்களில் இவ்விரண்டோடு உல்லாசப் பயணத்துறையும் சேர்ந்து கொண்டது. ஆண்டுதோறும் ஏப்ரல், மே தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கலுக்காக அறுகம்குடாவுக்கு வெளிநாட்டவர் வருகின்றனர். அவர்களை ஏற்றி இறக்கும் வான்களும் கார்களும் எமது இளைஞர் பலருக்குச் சோறு போடுகின்றன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தூரம். அதுவும் கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில். ஏ.சி. வேலை செய்யாத வானில் எந்தப் பயணியும் ஏற மாட்டார். ஆகவே, ஏ.சி. என்பது இங்கு ஆடம்பரமன்று. ஒரு குடும்பத்தின் வருமானம் அதில் தங்கியுள்ளது.

இந்த வாகனங்களின் சாரதிகளோடு பேசிப் பார்த்தால் ஒரே முறைப்பாட்டைக் கேட்கலாம். "காஸ் இறங்கிட்டு, ஒருக்கா அடிச்சாச் சரி" என்று கராஜில் சொல்லப்படுகின்றது. காஸ் அடிக்கப்படுகின்றது, பணம் கொடுக்கப்படுகின்றது, சில வாரங்களில் மீண்டும் வெக்கை. சீசன் முடிவதற்குள் மூன்று நான்கு தடவைகள் காஸ் அடித்தவர்களை நாம் அறிவோம். அந்தப் பணம் காற்றோடு போகின்றது என்பது வெறும் பேச்சு வழக்கன்று, முழு உண்மை. போவது பணம் மட்டுமல்ல என்பதும் உண்மை. இது ஏன் நிகழ்கின்றது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வாகனம் வைத்திருப்போரையும் கராஜில் தொழில் பழகும் இளைஞரையும் மனதிற் கொண்டு இதனை எழுதுகின்றோம்.

குளிர் எவ்வாறு உண்டாகின்றது?

மண்பானையில் நீர் குளிர்ந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. இதனையே பாடசாலையில் ஆவியாதலின் மறைவெப்பம் என்று படித்தோம். ஏ.சி.யின் முழு இரகசியமும் இதுதான். வேறுபாடு என்னவெனில், பானையில் ஆவியான நீர் திரும்பி வருவதில்லை. ஏ.சி.யிலோ ஆவியானதைப் பிடித்து, மீண்டும் திரவமாக்கி, மீண்டும் ஆவியாக விடுகின்றோம். இதற்கு நீர் உதவாது. மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு பொருள் வேண்டும். அதுவே குளிர்வாயு. இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ எனும் குளிர்வாயு சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசில் கொதிக்கின்றது.

இந்தச் சுற்றில் ஐந்து உறுப்புகள் முக்கியமானவை. முதலாவது கொம்பிரசர். இது என்ஜினின் பெல்ட்டால் இயங்கி, வாயுவை அமுக்கிச் சூடாக்கி அனுப்புகின்றது. இரண்டாவது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சர். இங்கு சூடான வாயு வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. மூன்றாவது டிரையர். திரவத்தில் உள்ள ஈரத்தையும் தூசியையும் இது பிடித்துக்கொள்கின்றது. நான்காவது எக்ஸ்பான்ஷன் வால்வு. இதன் சிறு துவாரத்தினூடாகப் போகும் திரவம் திடீரென அமுக்கம் குறைந்து குளிர்கின்றது. ஐந்தாவது, டாஷ்போர்டின் உள்ளே இருக்கும் கூலிங் கொயில். இங்குதான் திரவம் ஆவியாகி, வாகனத்தின் உள்ளேயுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. பின்னர் வாயு மீண்டும் கொம்பிரசருக்குச் செல்கின்றது.

ஆகவே, ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளேயுள்ள வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகின்றது. அந்தச் சுமை கூலிதான் குளிர்வாயு. இதனை மனதிற் கொண்டால் மீதியெல்லாம் எளிதில் விளங்கும்.

காஸ் ஏன் குறைகின்றது?

பெற்றோல் எரிந்து தீர்வது போலக் குளிர்வாயு தீர்ந்து போவதில்லை. அது மூடிய சுற்றொன்றில் சுழன்று கொண்டேயிருக்கின்றது. குறைந்திருக்கின்றது என்றால் எங்கோ வழியொன்று உண்டு. வாகனத்தில் இறப்பர்க் குழாய்களும், சுழலும் அச்சைச் சுற்றிய சீல்களும் இருப்பதால், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போல அது முற்றாக இறுகியிருக்காது. பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் சில வாரங்களில் குறைந்தால் அது இயல்பன்று, ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது, உடைந்த வாய்க்காலுக்குக் குளத்தைத் திறந்து விடுவதற்குச் சமம். எமது விவசாயிகளுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கரையோரத்தில் இந்த ஓட்டைகள் விரைவில் உண்டாகின்றன. கடற்காற்றின் உப்பு கொண்டென்சரின் மெல்லிய அலுமினியத்தை அரிக்கின்றது. கடற்கரை மணல் அதன் இடுக்குகளில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. குண்டுங்குழியுமான பாதைகளின் அதிர்ச்சி குழாய் மூட்டுகளைத் தளர்த்துகின்றது. கடற்கரைக்குச் சென்று வந்த வாகனத்தின் முன்பக்கத்தை நல்ல நீரால் மெதுவாகக் கழுவும் பழக்கம் கொண்டென்சரின் ஆயுளைக் கூட்டும். அதிக அமுக்கத்தில் நீரைப் பீச்சினால் அதன் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குளிர் குறைந்தாலே காஸ் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. கொண்டென்சர் விசிறி நின்றிருக்கலாம். கொண்டென்சர் மணலால் அடைபட்டிருக்கலாம். உட்காற்று வடி தூசியால் நிரம்பியிருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். கொம்பிரசரின் கிளச்சுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். இவற்றில் எதையும் காஸ் அடித்துத் தீர்க்க முடியாது. முதலில் குளிர்ந்து, சிறிது நேரத்தில் வெக்கையாகி, பின்னர் தானாகவே குளிர்ந்தால், சுற்றினுள் ஈரம் புகுந்திருக்கலாம் எனச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கின்றது. பனி உருகியதும் வழி திறக்கின்றது.

காற்றில் விட்ட வாயு எங்கே போகின்றது?

1930ஆம் ஆண்டுக்கு முன்னர் குளிர்சாதனங்களில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு ஆகிய வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்து மக்கள் இறந்ததும் உண்டு. இதற்கு மாற்றாகவே அமெரிக்காவில் தோமஸ் மிஜ்லி என்பவரும் அவரது குழுவினரும் குளோரோபுளோரோகாபன் எனும் வாயுக்களைக் குளிரூட்டலுக்குக் கொண்டு வந்தனர். ஆர்-12 இவ்வகையைச் சேர்ந்தது. அது எரியாது, மணக்காது, நஞ்சுமன்று. உலகம் அதனைக் கைகூப்பி வரவேற்றது.

1974ஆம் ஆண்டில் மரியோ மொலினா, ஷேர்வூட் ரோலன்ட் ஆகிய இரு இரசாயனவியலாளர் எச்சரிக்கை விடுத்தனர். இந்த வாயுக்கள் அழியாமல் வானில் உயரே ஏறி, அங்கு சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களால் உடைந்து குளோரீனை விடுவிக்கின்றன என்றும், அந்தக் குளோரீன் ஓசோன் படையை அரிக்கும் என்றும் அவர்கள் காட்டினர். 1985இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டு வெளியிட்டனர். ஓசோன் படையே ஊதாக்கடந்த கதிர்களின் பெரும்பகுதியைத் தடுக்கும் குடை. அது கிழிந்தால் தோற்புற்றும் கண்புரையும் கூடும். பயிர்களும் கடலின் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும். வயலிலும் கடலிலும் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் எமது மக்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று.

1987 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. 2001 ஒக்டோபரில் உடன்படிக்கை நாடுகளின் 13ஆவது கூட்டம் கொழும்பிலேயே நடைபெற்றது. செல்வந்த நாடுகள் 1996 தொடக்கத்திலும், எம்போன்ற நாடுகள் 2010 தொடக்கத்திலும் ஆர்-12 போன்ற வாயுக்களை நிறுத்தின. 1995இல் மொலினா, ரோலன்ட் ஆகியோருக்குப் போல் குருட்சன் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வாறே தொடர்ந்தால், அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066ஆம் ஆண்டளவிலும், உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும் 1980இன் நிலைக்குத் திரும்பும் என 2023இல் வெளிவந்த ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு கூறுகின்றது. உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்டு, பயனையும் கண்ட உடன்படிக்கைகள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

ஆர்-12இன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. இதில் குளோரீன் இல்லை. ஓசோனை இது கெடுக்காது. எனினும் வேறொரு தீங்கு உண்டு. வெப்பத்தை வளிமண்டலத்தில் தடுத்து வைப்பதில் இது காபனீரொட்சைட்டிலும் வலியது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தைத் தேக்கும். சிறிய கார் ஒன்றில் அரைக் கிலோ அளவு குளிர்வாயு இருக்கும். அதனைக் காற்றில் திறந்துவிட்டால், ஏறத்தாழ 715 கிலோ காபனீரொட்சைட்டை விட்டதற்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். ஆகவே இது 300 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோலை எரித்ததற்குச் சமமாகின்றது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று பொத்துவிலிலிருந்து கொழும்புக்கு ஏழு தடவை போய்வரக் கக்கும் புகை, ஒரு வால்வைத் திறந்த சில நிமிடங்களில் போய்விடுகின்றது.

இதனாற்றான் 2016இல் கிகாலி நகரில் மொன்றியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, இந்த வகை வாயுக்களும் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. இலங்கை 2018இல் இதனை ஏற்றது. எமது நாடு உள்ளடங்கிய குழுவுக்கு 2024இல் பாவனையின் உச்ச எல்லை விதிக்கப்பட்டது. 2029இல் நூற்றுக்குப் பத்து, 2035இல் முப்பது, 2040இல் ஐம்பது, 2045இல் எண்பது வீதம் எனக் குறைப்புகள் தொடரும். ஆகவே இனிவரும் ஆண்டுகளில் இந்த வாயு மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. இன்று வீணாக்குபவர் நாளை கூடிய விலை கொடுப்பார்.

பழுதுபார்க்கும் ஒழுங்கு

நல்ல தொழிலாளியின் அடையாளம் வேகமன்று, ஒழுங்கு. பின்வரும் ஒழுங்கு எந்தக் கராஜிலும் பின்பற்றக்கூடியது.

1. வாயுவை அடையாளம் காணல்: என்ஜின் அறையில் ஒட்டப்பட்ட சிட்டையில் வாயுவின் பெயரும் நிறையும் இருக்கும். ஆர்-12 இணைப்புகள் மரையுள்ளவை. ஆர்-134ஏ இணைப்புகள் அழுத்திப் பூட்டுபவை. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முந்திய வாகனங்கள் பல பின்னர் மாற்றியமைக்கப்பட்டுள்ளதால் விசாரித்தறிய வேண்டும். அண்மைக்கால வாகனங்கள் சிலவற்றில் ஆர்-1234வைஎப் எனும் வேறொரு வாயு உண்டு; அது இலேசாகத் தீப்பற்றக்கூடியது. ஒன்றுடன் ஒன்றைக் கலப்பது கூடவே கூடாது. கலந்த வாயு எந்த வாகனத்துக்கும் உதவாது.

2. கண்ணால் பார்த்தல்: வாயுவோடு எண்ணெயும் சுழல்வதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். மூட்டுகள், கொண்டென்சரின் கீழ்ப்பகுதி, கொம்பிரசரின் முன்பக்கம், காஸ் அடிக்கும் வால்வு ஊசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சவர்க்கார நுரை மலிவானது; ஆனால் நம்பகமானது.

3. வாயுவை மீட்டெடுத்தல்: சுற்றைத் திறக்கும் முன், உள்ளே எஞ்சிய வாயுவை மீட்பு இயந்திரத்தால் இழுத்து, அதற்கென அமைந்த சிலிண்டரில் சேர்க்க வேண்டும். அதனைத் தராசில் வைத்தே நிரப்ப வேண்டும். கொள்ளளவில் நூற்றுக்கு 80க்கு மேல் நிரப்பக்கூடாது. ஒருமுறைப் பாவனைக்குரிய சிலிண்டரில் மீள நிரப்புவது வெடிகுண்டு செய்வதற்கு ஒப்பானது. சுத்தமான வாயுவை வடித்து அதே வாகனத்துக்கே திருப்பி இடலாம். கலப்படமானதைத் தனியே பெயரெழுதி வைக்க வேண்டும்.

4. ஓட்டையைக் கண்டுபிடித்தல்: வெறுமையான சுற்றில் உலர் நைதரசனை ரெகுலேற்றர் வழியாகச் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அளவுக்கு ஏற்றி, நுரையிட்டுப் பார்க்க வேண்டும். ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றக்கூடாது. எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரின் காற்றும் ஆகாது. அது ஈரத்தைக் கொண்டுவரும். அதுமட்டுமன்றி, ஆர்-134ஏ சாதாரண நிலையில் எரியாவிடினும், அமுக்கத்தில் காற்றுடன் கலந்தால் தீப்பற்றலாம்.

5. உறுப்புகளை மாற்றல்: கழற்றிய மூட்டுகளின் ஓ-ரிங்குகளைப் புதிதாக்கி, எண்ணெய் தடவிப் பூட்ட வேண்டும். சுற்று திறக்கப்பட்டால் டிரையரையும் மாற்றுவது நல்லது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் செயலிழந்துவிடும்.

6. எண்ணெய்: ஆர்-12க்குக் கனிய எண்ணெய், ஆர்-134ஏ உள்ள பெல்ட் கொம்பிரசர்களுக்குப் பொதுவாகப் பி.ஏ.ஜி. எண்ணெய். இந்த எண்ணெய் ஈரத்தை விரைவாக உறிஞ்சும் என்பதால் போத்தலைத் திறந்து வைக்கக்கூடாது.

7. வெறுமையாக்கல்: வெக்குவம் பம்பினால் குறைந்தது முப்பது தொடக்கம் நாற்பத்தைந்து நிமிடங்கள் இழுக்க வேண்டும். இது காற்றை நீக்குவதற்கு மட்டுமன்று. 30 பாகையில் நீர் கொதிப்பதற்கு, அமுக்கம் வளியமுக்கத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்களவுக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி, கொம்பிரசரை அரித்துவிடும்.

8. நிறுத்து நிரப்புதல்: பலர் தவறும் இடம் இதுவே. அமுக்கமானியை மட்டும் பார்த்து நிரப்புகின்றனர். வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். அதில் பாதி தீர்ந்தாலும் உள்ளேயுள்ள அமுக்கம் பெரிதாகக் குறையாது; கடைசித் துளித் திரவம் உள்ளவரை அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஏ.சி.யும் அவ்வாறே. என்ஜின் நின்ற நிலையில், 30 பாகையில், இருநூறு கிராம் இருந்தாலும் ஐந்நூறு கிராம் இருந்தாலும் மானி சதுர அங்குலத்துக்கு 97 இறாத்தல் அளவையே காட்டும். எனவே தராசு இல்லாமல் சரியான அளவை அறிய முடியாது. கூட நிரப்பினால் கூடக் குளிரும் என்பதும் பொய். கொண்டென்சரில் திரவம் நிறைந்து, அமுக்கம் ஏறி, குளிர் குறைந்து, எரிபொருள் கூடச் செலவாகி, கொம்பிரசரும் கெடும்.

9. பதிவு: என்ன வாயு, எத்தனை கிராம், என்ன எண்ணெய், எந்தத் திகதி என எழுதி என்ஜின் அறையில் ஒட்ட வேண்டும். அடுத்துப் பார்ப்பவருக்கு அது பேருதவி.

உயிராபத்தும் உண்டு

திரவக் குளிர்வாயு தோலில் பட்டால் தோல் உறைந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் குழாயைக் கழற்றக்கூடாது. இந்த வாயுக்கள் காற்றிலும் பாரமானவை. வாகனத்தின் கீழுள்ள குழியில் தேங்கி, அங்கு நிற்பவரை மூச்சுத் திணறச் செய்யும். வாயு பரவிய இடத்தில் வெல்டிங் சுவாலையோ சிகரெட்டோ இருந்தால், அந்தச் சூட்டில் அது உடைந்து சுவாசப்பையை எரிக்கும் நச்சுப் புகையாகின்றது. சிலிண்டரைச் சூடாக்க அடுப்போ சுவாலையோ காட்டக்கூடாது. வேண்டுமாயின் இளஞ்சூட்டு நீர் போதும். என்ஜின் ஓடும்போது உயர் அமுக்கப் பக்கத்து வால்வைத் திறந்தால், காஸ் டின்னுக்குள் அமுக்கம் பாய்ந்து அது வெடிக்கும்.

சமையல் காஸை ஏ.சி.யில் அடிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது குளிரத்தான் செய்யும். புரொப்பேனும் பியூட்டேனும் நல்ல குளிர்வாயுக்களே. அதற்கென வடிவமைக்கப்பட்ட வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் பாதுகாப்பாகப் பயன்படுகின்றது. ஆனால் அங்குள்ள அளவு சில பத்துக் கிராம்களே. வாகனத்திலோ பல நூறு கிராம், அதுவும் பயணிகளின் முகத்துக்கு நேரே இருக்கும் கூலிங் கொயிலில். அது கசிந்து, உள்ளே ஒருவர் தீக்குச்சி உரசினால் நிகழப்போவதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எமது நாட்டின் சமையலறைகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த காஸ் வெடிப்புகளை நாம் மறந்துவிடக்கூடாது.

போலி வாயுவும் சந்தையில் உண்டு. 2011இல் குளிரூட்டிய கப்பற் கொள்கலன்கள் சில வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலுமாக மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ எனச் சொல்லி நிரப்பப்பட்டதில் மெதைல் குளோரைட்டு கலந்திருந்ததே காரணம். அது கொம்பிரசரின் அலுமினியத்தோடு தாக்கமுற்று, காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பற்றும் ஒரு பொருளை உண்டாக்குகின்றது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆபத்தானது என ஒதுக்கிய வாயு, மலிவின் பெயரால் திரும்பி வந்து மூவரைக் கொன்றது. சிலிண்டரின் நிறத்தை நம்பி வாங்கக்கூடாது. முன்னர் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிறம் இருந்தது. இப்போது ஒரே நிறத்துக்கு மாறும் வழக்கம் வந்துவிட்டது. பெயரையும் உற்பத்தியாளரையும் வாசித்து, விற்பனைச் சிட்டையோடு வாங்குவதே பாதுகாப்பு.

ஹைபிரிட் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரியஸ், அக்குவா போன்றவற்றின் கொம்பிரசர் பெல்ட்டால் அன்றி உயர் மின்னழுத்தத்தால் இயங்குகின்றது. செம்மஞ்சள் நிற வயர்கள் அதன் எச்சரிக்கை. இவற்றுக்கு மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெயே உரியது. சாதாரண பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின் காப்புக் கெட்டு, விலையுயர்ந்த கொம்பிரசர் வீணாகும். தொழிலாளிக்கு மின் தாக்குதலும் நேரலாம். பயிற்சியற்றவர் இவற்றில் கை வைக்கலாகாது.

உரிமையாளர் கேட்க வேண்டியவை

வாகனத்தைக் கராஜில் விடும்போது நான்கு கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். ஓட்டை எங்கே என்று காட்ட முடியுமா? பழைய வாயுவை என்ன செய்கின்றீர்கள்? எத்தனை நிமிடம் வெக்குவம் இழுப்பீர்கள்? எத்தனை கிராம் நிரப்பினீர்கள்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஒருமுறை ஓட்டையை அடைக்கும் செலவு, சீசனில் மூன்று நான்கு தடவை காஸ் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். வெயிலில் நின்ற வாகனத்தை எடுக்கும்போது சில நிமிடங்கள் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி.யைப் போடுவதும், பின்னர் உட்காற்றைச் சுழலவிடுவதும் சுமையைக் குறைக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையிலுள்ள பழைய வாகனத்தைக் காப்பாற்றுவதன் அருமையை எல்லோரும் உணர்ந்திருக்கின்றோம்.

கூடிச் செய்தால் கைகூடும்

குறையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் போடுவது நீதியாகாது. கராஜில் கைவேலை பழகி வந்த இளைஞருக்கு மீட்பு இயந்திரம் என்ற ஒன்று உண்டென்பதே எட்டாத செய்தியாக இருக்கலாம். எட்டினாலும் அதன் விலை எட்டாது. வாடிக்கையாளரும் "கெதியாக, மலிவாக" என்றே கேட்கின்றார். அந்த அவசரத்தில் வாயு காற்றில் போகின்றது.

ஆனால் இதற்கு வழியுண்டு. மீட்பு இயந்திரம் ஒவ்வொரு கராஜிலும் இருக்க வேண்டியதில்லை. நெல் அடிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு விவசாயியும் வாங்குவதில்லை அல்லவா? நாலைந்து கராஜ்காரர் சேர்ந்து ஒரு மீட்பு இயந்திரம், ஒரு நல்ல வெக்குவம் பம்ப், ஒரு தராசு ஆகியவற்றை வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். மீட்ட வாயு மீண்டும் பயன்படுவதால் முதலின் ஒரு பகுதி அதிலேயே திரும்பும். எமது கிராமங்களின் சிக்கன, கடனுதவிச் சங்கங்கள் படகுக்கும் பசுவுக்கும் கடன் கொடுக்கின்றன, இதற்கும் கொடுக்கலாம். சுற்றாடல் அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய ஓசோன் அலகு, குளிரூட்டல் தொழிலாளருக்கான பயிற்சிகளை நடத்தி வந்துள்ளது. குளிரூட்டல், வளிச்சீராக்கல் துறையில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழையும் பெறலாம். பொத்துவிலிலிருந்து கல்முனை வரையுள்ள ஊர்களின் தொழிலாளர் தனித்தனியே கேட்பதைவிடச் சேர்ந்து கேட்டால், பயிற்சியை இப்பக்கத்துக்கே கொண்டுவருவதும் இயலாத காரியமன்று. சான்றிதழோடு தொழில் செய்பவர் ஊரிலும் மதிக்கப்படுவார். வெளிநாட்டு வேலைக்குப் போனாலும் உதவியாளராக அன்றித் தொழிலாளராகவே போவார்.

ஓசோன் படை மெல்ல மெல்ல ஆறி வருகின்றது. பெரிய தலைவர்களின் கையெழுத்து மட்டும் அதனை ஆற்றவில்லை. உலகெங்கும் பெயர் தெரியாத பல்லாயிரம் தொழிலாளர், திறந்துவிடக்கூடிய வால்வைத் திறக்காமல், பொறுமையோடு குழாயைப் பூட்டி வாயுவை மீட்டதும் அதற்கு ஒரு காரணம். எமது கரையோரக் கராஜ்களின் இளைஞரும் அந்த வரிசையில் சேரலாம். அதற்கு முதலில் வேண்டியது ஒரு தராசும், ஒரு கோப்பைச் சவர்க்கார நுரையும், ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் காஸ் அடிப்பதில்லை என்ற உறுதியுமே.